சஞ்சுக்தா திருப்பி ஊற்றிய தண்ணீர்

அன்பு மகள் அனிதாவுக்கு, அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் சௌக்கியமாக இருக்கிறோம், நீயும் குவாஹாட்டியில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. வேப்பனப்பள்ளி மாமா தோப்பில் இந்த வருஷம் மாங்காய்க்கு விலையே இல்லை, பாதியை மரத்திலேயே விட்டுவிட்டார். இதையெல்லாம் போனில் சொல்லிவிடலாம். போனில் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. ஆரம்பித்தால் நீ நடுவில் பேசி என்னைச் சமாதானப்படுத்தி விடுவாய், எனக்குச் சமாதானம் வேண்டாம் கண்ணு, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நம் லைன் வீட்டில் கடைசி வீட்டுச் சஞ்சுக்தாவை உனக்குத் தெரியும், ஒடிசாக்காரி, புருஷன் சிப்காட்டில் வேலை செய்கிறான். பொங்கலுக்கு நீ வந்தபோது மருதாணி வைத்துவிட்டாளே, அவள்தான். சுதந்திர தினத்தன்று பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் கொடிக்கம்பத்தைச் சுற்றி அவளும் நானும் சேர்ந்துதான் மூன்று கலரில் கோலம் போட்டோம். கொடி ஏறியதும் ஜன கண மன பாட்டை முழுசாகப் பாடினவளும் அவள்தான், நாங்கள் பாதிப் பேர் உதட்டை அசைத்துக்கொண்டு நின்றோம். மிட்டாய் கொடுத்து முடித்ததும் அதே இடத்தில் கிராம சபை கூடியது. வார்டு மெம்பர் கமலக்கண்ணன் எழுந்து, ஒகேனக்கல் தண்ணீர் நம் ஊருக்கே பற்றவில்லை, வெளி மாநிலத்திலிருந்து வந்து வாடகைக்கு இருப்பவர்கள் இனிமேல் தெருக்குழாயில் பிடிக்கக் கூடாது, சம்மதம் என்றால் கை தூக்குங்கள் என்றார். எல்லாரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள், அவர்களிடம் வாடகை வாங்குகிறவள் நான்தானே. நான் கை தூக்கினேன் அனிதா. அவள் என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் இடுப்பில் குடத்தோடு வந்தாள். என்ன என்று கேட்பதற்குள் நம் சமையல்கட்டு டிரம்மில் ஊற்றிவிட்டாள். "அக்கா, இது காலைல குழாயில புடிச்சது. இனிமே நாங்க புடிக்கக் கூடாதுல்ல, நீங்களே வெச்சுக்கோங்க" என்றாள். கோபத்தில் சொன்னாளா, தீர்மானத்துக்குப் பயந்து சொன்னாளா, முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், எனக்குத் தைரியம் வரவில்லை, அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். உன் அப்பா அந்தத் தண்ணீரில் போட்ட காபியைத்தான் குடித்தார், விஷயம் தெரிந்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். வீட்டில் பேசுவது தெலுங்கு, உன் தங்கையைக் கொடுத்தது கன்னடக்காரர் வீட்டில், கூட்டத்தில் மட்டும் நான் எப்படி ஊர்க்காரி ஆனேன் என்று கேட்டார். கொடியைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தி நின்றுவிட்டு, அந்தக் கொடிக்குக் கீழேயே ஒரு குடம் தண்ணீருக்காக ஆளைப் பிரித்துவிட்டேன். நாடு என்றால் வருஷத்துக்கு இரண்டு நாள் வணக்கம் வைப்பது என்றே நினைத்திருந்தேன் போலிருக்கிறது, குழாயடியில் யாரை நிற்க விடுகிறோம் என்பதும் அதில் சேர்த்திதான் என்று இப்போதுதான் உறைக்கிறது. வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் நானே ஒரு குடம் பிடித்து அவள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "வேணாம்க்கா, யாராச்சும் பாத்தா உங்களத்தான் பேசுவாங்க" என்று கதவைப் பாதி சாத்திவிட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. இப்போது அவள் புருஷன் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் கேன் தண்ணீரைக் கட்டிக்கொண்டு வருகிறான். கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் வீடு பார்க்கிறார்கள் என்று கேள்வி. காந்தி ஜெயந்திக்கு மறுபடியும் கிராம சபை கூடும், அதில் எழுந்து, நான் கை தூக்கினது தப்பு, அந்தத் தீர்மானத்தை எடுத்துவிடுங்கள் என்று சொல்லப் போகிறேன். அதுவரைக்கும் அவர்கள் இங்கே இருக்க வேண்டுமே என்பதுதான் என் கவலை. கூட்டத்தில் பேசி எனக்குப் பழக்கமில்லை. அப்பா பக்கத்தில் வந்து நிற்கிறேன் என்றிருக்கிறார்.

சந்திரசூடேஸ்வரர் உன் கூடவே இருந்து காப்பாற்றட்டும், போன இடத்தில் பெயரோடும் நிம்மதியோடும் இரு. குளிர் வருவதற்குள் நல்ல கம்பளி ஒன்று வாங்கிக்கொள், மறந்துவிடாதே. அங்கே உன்னை யாராவது எந்த ஊர் என்று கேட்பார்களோ என்று நினைத்தாலே இப்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கிறது. கேட்டால் ஓசூர்ப் பக்கம் என்று தைரியமாகச் சொல். உன் அம்மா கை தூக்கியதை மட்டும் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
சென்னம்மாள்