பத்து மதிப்பெண் கேள்வி

நான் வேலை பார்க்கும் பள்ளியின் புத்தக அறையை இந்த வாரம் காலி செய்கிறோம். பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை இந்த ஆண்டோடு முடிந்துவிட்டது. இனிமேல் பத்தாவது, அதற்கு மேல் பிளஸ் டூ. பழைய பாடப் புத்தகங்களைச் சணல் கயிற்றில் கட்டுக் கட்டாகக் கட்டி வராந்தாவில் அடுக்கியிருக்கிறார்கள். நேற்று அந்துருண்டையும் பழம் பசையும் கலந்த நெடியில் தும்மிக்கொண்டே கடைசி அலமாரியைத் திறந்தேன். கீழ்த்தட்டில் நம் துணைப்பாட நூல் இருந்தது. நீயும் நானும் படித்த அதே பதிப்பு. நீல அட்டை, அதில் சிவப்புப் பாய் விரித்த படகு. மற்ற கட்டுகளோடு அதைச் சேர்க்க எனக்குக் கை வரவில்லை.

நீ போய் நாலு மாதம் ஆகிறது. மஞ்சள் காமாலை, பத்தே நாள், பெரியாஸ்பத்திரி என்று உன் அம்மா பஸ் ஸ்டாப்பில் வைத்துச் சொன்னார். இருபத்தேழு வயது சாகிற வயதா? நான் அங்கேயே நின்றேன், என் பஸ் வந்து போய்விட்டது. இதையெல்லாம் உன்னிடம் சொல்ல எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தது. மயிலாப்பூரிலிருந்து உன் குப்பத்துக்கு நடந்தால்கூட அரை மணிதான். வரவில்லை. இப்போது உட்கார்ந்து கடிதம் எழுதுகிறேன். என் லட்சணம் அப்படி.

அந்தத் துணைப்பாடக் கதையைத் தமிழம்மா வகுப்பில் வாசித்த நாள் நினைவிருக்கிறதா? கடலோர கிராமம், பௌர்ணமி நிலவில் கதாநாயகன் வலை வீசப் போகிறான், புயல் வருகிறது, அவன் திரும்பவில்லை. ஒன்பதாம் அத்தியாயத்தில் அவன் மனைவி கடலுக்குள் நடந்து போய்விடுகிறாள். அலைகள் அவளைக் கைகூப்பி வரவேற்றன என்று கதாசிரியர் எழுதியிருந்தார். வகுப்பில் நாலைந்து பேர் தாவணி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர்களில் நானும் ஒருத்தி. நீ என் பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாய்.

வெளியே வந்ததும் என்னடி சிரிப்பு என்று கேட்டேன். "இந்தாளு கடலையே பார்த்திருக்க மாட்டாரு. நெலா வெளிச்சத்துல வலையில இன்னா மீனு வுழும்மே? மீனுக்குத்தான் வலை கண்ணுல தெரியுமே" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். ஆனால் பள்ளி வாசல் வருவதற்குள் உன் முகம் மாறிவிட்டது. உன் அப்பா நீ எட்டாவது படிக்கும்போது கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. கட்டுமரம் மட்டும் இரண்டு நாள் கழித்துக் கோவளம் பக்கம் ஒதுங்கியது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தக் கதைக்கு அழுதேன், உன் அப்பாவை நினைத்துக்கூடப் பார்க்காமல்.

நம் வகுப்பில் ஒரு வழக்கம் இருந்ததே, அதை இன்று நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது. துணைப்பாடத்தில் பத்து மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி நிச்சயம் வரும். 'உன் மனத்தைக் கவர்ந்த பாத்திரம் பற்றி உன் கருத்தை எழுதுக.' அதற்குத் தமிழம்மா ஒரு பதிலைச் சொல்வார், நாம் கட்டுரை நோட்டில் எழுதிக்கொள்வோம். மேலே கொட்டை எழுத்தில் 'என் கருத்து' என்று தலைப்புப் போட்டு அடியில் இரண்டு கோடு. நாற்பத்திரண்டு நோட்டிலும் ஒரே கருத்து, ஒரே ஐந்து பத்தி. கணவனே தெய்வம் என வாழ்ந்தாள், பெண்குலத்தின் விளக்கானாள், நம் உள்ளங்களில் நீங்கா இடம் பெற்றாள். இதை நாம் உருப்போட வேண்டும்.

அவர் இந்தப் பதிலைச் சொன்ன அன்று நீ மட்டும் எழுதாமல் பேனாவை மூடிவைத்தாய். தமிழம்மா கேட்டபோது எழுந்து நின்று, அவள் செத்தது சரியில்லை என்று எனக்குத் தோன்றுகிறது, அப்படி எழுதலாமா என்று கேட்டாய். வகுப்பே திரும்பிப் பார்த்தது. தமிழம்மா கெட்டவர் இல்லை, பாவம், நாற்பத்திரண்டு பேரைக் கரையேற்ற வேண்டிய கவலை அவருக்கு. ஏன் சரியில்லை என்று கேட்டார். எங்கம்மா அப்படிச் செய்யவில்லையே என்றாய். "உன் அம்மாவைப் பத்தியா பரீட்சைல கேக்கறாங்க? உட்காரு. சொன்னதை எழுது" என்றார். நீ உட்கார்ந்தாய். எழுதிக்கொண்டாய். அந்த வாரம் முழுக்க நீ என்னிடம்கூடச் சரியாகப் பேசவில்லை.

உனக்கு டீச்சர் டிரெயினிங் போக வேண்டும். அதற்கு எஸ்.எஸ்.எல்.சி. தேற வேண்டும். உன் குடும்பத்தில் எட்டாவதைத் தாண்டிய முதல் ஆள் நீ. மீன் கூடை தூக்க உன்னை அம்மா ஒருநாள்கூடக் கூப்பிட்டதில்லை என்று பெருமையாகச் சொல்வாய். எங்கள் வீட்டுக்குச் சேர்ந்து கணக்குப் போட வருவாய், ஆனால் கேட்டுக்கு இந்தப் பக்கம் வரமாட்டாய். "உள்ள வாயேன்" என்று நானும் ஒரு தடவை கூப்பிட்டதில்லை. எங்கள் ஆத்தில் என்ன சொல்வார்கள் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தக் கேட்டின் மேல் நோட்டை வைத்துக்கொண்டுதான் அல்ஜீப்ரா போட்டோம். அதில் நீ என்னைவிடக் கெட்டி.

தமிழ்ப் பரீட்சைக்கு முதல் நாள் சாயங்காலம் சாந்தோம் கடற்கரையில் உட்கார்ந்திருந்தோம். நீ ஒரு தாளை எடுத்து எனக்குப் படித்துக் காட்டினாய். அது இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். 'என் தகப்பனாரும் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. என் தாய் கடலில் இறங்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் கூடையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். மீன் விற்கக் கூவும்போது முதல் தெருவில் அவருக்குக் குரல் வரவில்லை. இரண்டாம் தெருவில் வந்தது. அவர் கடலில் இறங்கியிருந்தால் இந்தத் தேர்வை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். ஆகவே இக்கதையின் நாயகி என் மனத்தைக் கவரவில்லை.'

நோட்டில் எழுதியதை எழுதுவதா, இதை எழுதுவதா என்று என்னைக் கேட்டாய். கேட்ட விதம் நன்றாக நினைவிருக்கிறது. நான் வேண்டாம் என்றால் விட்டுவிடத் தயாராக இருந்தாய். வகுப்பில் தமிழில் முதல் மார்க் வாங்குகிறவள் நான், நான் சொன்னால் அது உனக்கு வேதம். எனக்கோ தலைக்கேறிவிட்டது. புரட்சி பண்ணுகிற எண்ணம்.

"மனசுல இருக்கறதையே எழுதுடி. நானும் நோட்டுல இருக்கறதை எழுதப் போறதில்லை. ரெண்டு பேரும் சேர்ந்தே எழுதலாம்" என்றேன்.

"நெஜமாவா?" என்றாய்.

"சத்தியமா" என்றேன்.

மறுநாள் கேள்வி அப்படியே வந்தது. நீ எனக்கு நாலு பெஞ்சு முன்னால். கேள்வித்தாளைப் பார்த்ததும் ஒரு கணம் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாய். நானும் சிரித்தேன். பிறகு பேனாவை எடுத்தேன். கணவனே தெய்வம் என வாழ்ந்தாள் என்று எழுதினேன். பயம்தான், வேறொன்றுமில்லை. காலேஜில் பி.யூ.சி. இடம், அப்பா முகம், தமிழம்மா என்மேல் வைத்திருந்த நம்பிக்கை எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஐந்து பத்தியும் ஒரு சொல் பிசகாமல் வந்தது. எழுதி முடித்து நிமிர்ந்தபோது நீ இன்னும் எழுதிக்கொண்டிருந்தாய், தலையை ஒரு பக்கம் சாய்த்து.

பரீட்சை முடிவு வந்த காலையில் எங்கள் வீட்டுக் கேட்டுக்கு வந்தாய். அப்பாவின் பேப்பரில் என் எண் இருந்தது. உன் எண் இல்லை. மூன்று தடவை விரலால் தடவிப் பார்த்தோம். பிறகு மார்க் வந்தபோது தெரிந்தது, கணக்கில் எழுபதுக்கு மேல், இங்கிலீஷில்கூடத் தேறியிருந்தாய். தமிழில் போயிற்று. நாலு மார்க் குறைந்தது. கடலோரத்தில் பிறந்து தமிழைத் தவிர வேறு பாஷை காதில் விழாமல் வளர்ந்தவள், தமிழில் பெயில்.

அன்று என்னை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய். கோபமாக இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டாய்.

"நீயும் அதைத்தானே எழுதினே?"

"ஆமா" என்றேன்.

பேப்பரை மடித்து என்னிடம் கொடுத்தாய். "அப்ப நீ எழுதுனது நல்லா வந்துகீது. எனக்குத்தான் எழுத வர்ல" என்றாய்.

நான் சொன்ன பொய் என்ன செய்துவிட்டது என்று அந்த நிமிஷமே எனக்குப் புரிந்தது. பின்னால் யோசித்துப் புரிந்துகொண்டதாகச் சொல்லி நான் தப்பிக்க முடியாது. இல்லை, நான் நோட்டில் இருந்ததை எழுதினேன், அதனால் தேறினேன் என்று சொல்லியிருந்தால் நீ என்னைக் காறித் துப்பியிருப்பாய். துப்பிவிட்டுப் போய், அந்த ஐந்து பத்தியையும் உருப்போட்டு, செப்டம்பரில் மறுபடி எழுதித் தேறியிருப்பாய். உனக்கு ரோஷம் உண்டு. நீ செப்டம்பரில் எழுதவில்லை. தமிழம்மா ஆள் அனுப்பிக் கூப்பிட்டும் வரவில்லை. எனக்குப் படிப்பு ஏறாது என்று சொல்லி அனுப்பினாயாம். ஆடி மாதமே உன்னைக் கூடையோடு பார்த்தேன், உன் அம்மாவுக்கு இரண்டு அடி பின்னால்.

அதற்குப் பிறகு உன்னோடு ஒழுங்காகப் பேசியது ஒரே தடவை. நான் பி.எட். முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது. ராஜா அண்ணாமலைபுரம் பஸ் ஸ்டாப்பில் கூடையை இறக்கி வைத்துவிட்டு என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாய். இப்போது துணைப்பாடம் எது வைத்திருக்கிறார்கள் என்று கேட்டாய். சொன்னேன். அதில் யாராவது சாகிறார்களா என்று கேட்டாய். தங்கை சாகிறாள் என்றேன். "பொம்பளைய சாவடிக்காம ஒரு புஸ்தகம் வெக்க மாட்டாங்களா, டீச்சரு?" என்று சிரித்தாய். அன்றாவது சொல்லியிருக்கலாம். பஸ் வந்துவிட்டது என்று ஏறிவிட்டேன். அது என் பஸ்கூட இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூன்று வருஷமாக நான் பரீட்சைத் தாள் திருத்தப் போகிறேன். அங்கே கையில் ஒரு விடைக்குறிப்பு கொடுப்பார்கள். கருத்துக் கேள்விக்கு ஐந்து கருத்து, ஒன்றுக்கு இரண்டு மார்க். உன் தாளைத் திருத்தியவரும் அப்படி ஒரு குறிப்பை வைத்துக்கொண்டுதான் தேடியிருப்பார். போன வருஷம் எந்த ஊர்ப் பெண்ணோ ஒருத்தி, இந்தக் கதை எனக்குப் பிடிக்கவில்லை என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். நன்றாக எழுதியிருந்தாள். குறிப்பில் உள்ளது ஒன்றும் அதில் இல்லை. தலைமைத் தேர்வாளர் அடுத்த மேஜையில் இருந்தார். நான் பத்துக்கு இரண்டு போட்டேன். உன்னை நினைத்துக்கொண்டேதான் போட்டேன், அதுதான் கொடுமை.

இன்று பள்ளி விட்டதும் நேராக உன் அம்மாவிடம் போனேன். சாந்தோம் மார்க்கெட் ஓரத்தில் பலகை போட்டு வஞ்சிரம் நறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தார். உன்னைப் பற்றித்தான் பேச்சு. "ரெண்டு பேரும் ஒண்ணாத்தாம்மா எழுதுனோம், அதுக்கு எழுத வந்துச்சு, எனக்கு வர்லன்னு எம் பொண்ணு உன்னப் பத்தி சொல்லிக்கினே இருக்கும்" என்றார். உன்னை மெச்சுகிற மாதிரி என்னை மெச்சிச் சொன்னார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. அந்தச் சேற்றிலேயே குந்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நீ எழுதியதை வரி விடாமல் சொன்னேன், இரண்டாம் தெருவில் குரல் வந்தது வரைக்கும். நான் எழுதியதையும், கேட்டருகில் சொன்ன பொய்யையும் சொன்னேன்.

பக்கத்துப் பலகைக்காரி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அடியை எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப எம் பொண்ணு தப்பா எழுதலயா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. அவ எழுதினதுதான் சரி" என்றேன்.

"அது தெரியாமலே போய்ட்ச்சே" என்றார். பிறகு கத்தியை எடுத்து, பாதியில் விட்ட மீனை நறுக்கத் தொடங்கினார். என்னைப் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.

வீடு வந்து இதை எழுதுகிறேன். உன் அம்மா கேட்ட அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகாது, போகவும் வேண்டாம். அன்று கேட்டருகில் நீ என்னிடம் கேட்டதற்குச் சொல்ல வேண்டிய பதிலை இப்போது சொல்கிறேன். இல்லை, நான் அதை எழுதவில்லை. நீ மட்டும்தான் எழுதினாய். நன்றாக எழுதியிருந்தாய்.