ஏழு பேர்ச்சும் மூன்றுகால் மெஷினும்

2024 மே 6, திங்கள்
தோட்டத்து லயத்துக் குடும்பங்களுக்கு வீட்டுக்கு ஏழு பேர்ச் காணி பிரித்தாகிவிட்டது. இனி எல்லைக்கல் நடுவதுதான் பாக்கி. போன வருசம் நாங்கள் கட்டிய கக்கூஸ் யார் துண்டில் விழும்? என் வீட்டுக்காரர் ரொபர்ட் பிளானை போனில் ஏற்றிக்கொண்டு அதைச் சுற்றியே நடக்கிறார். காலையில் போன் எங்கள் பக்கம் என்றது. சாயங்காலம் பக்கத்து வீட்டு அழகமுத்து அண்ணன் பக்கம் என்றது. சுற்றிலும் மலை, மேலே இறப்பர் மரம். வானத்துச் செய்மதிக்கும் கண் தெரிய வேண்டாமா?

மே 7
அழகமுத்து அண்ணனின் மனைவி சின்னம்மா அக்கா வந்தார். "எங்க போனு உங்க கக்கூச எங்க காணிக்குள்ள காட்டுது ஜொய்சி." குரலில் என்ன சந்தோசம்! அவர்களுடையது போன மழையில் சரிந்துவிட்டது, தெரியும். அதற்காக? பேராசைக்காரி. — இப்படி எழுதக்கூடாது. எழுதிவிட்டேன்.

மே 9, வியாழன்
நில அளவையாளர் காமில் சேர் வந்தார். முற்றத்தில் அடித்திருந்த ஆணிக்கு நேர் மேலே மூன்றுகால் மெஷினை நிறுத்தினார். அது ஒரே இடத்தில் நின்று செய்மதி விடும் பிழையைக் கண்டுபிடித்து, அவர் கையிலுள்ள கம்புக்குச் சொல்லுமாம். "ரெண்டு சென்டிமீட்டர் கூட தப்பாது" என்றார்.
பத்து மணிக்கு மழை. எல்லோரும் எங்கள் வீட்டுக்குள் பிளேன்டீ குடித்தார்கள். மெஷினின் காலடியில் தண்ணீர் ஓடியது. பார்க்கப் பாவமாக இருந்தது. தூக்கி நாலடி தள்ளி மேட்டில் வைத்தேன்.
மழை விட்டதும் கல் நட்டார்கள். கக்கூஸ் முழுக்க எங்களுடையது. மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி.

மே 10
அழகமுத்து அண்ணன் குடையோடு கீழ் லயத்துக் கக்கூஸுக்கு நடந்து போனார். எங்களைப் பார்த்து ஒரு சிரிப்பில்லை.
மெஷின் ஒரே இடத்தில் நிற்க வேண்டும் என்றாரே காமில் சேர். நான் நகர்த்திய நாலடி — கல்லும் நாலடி நகர்ந்திருக்குமோ? யாரும் பார்க்கவில்லை; ஆணியும் சேற்றில் மூடிப் போயிருந்தது.

மே 12, ஞாயிறு
பூசையில் முழங்காலில் நின்றபோதும் அந்த நாலடிதான் ஞாபகம். ரொபர்ட்டிடம் சொன்னேன். "வாய மூடிக்கிட்டு இரு" என்றார். சோறு தின்றபிறகு அவரே காமில் சேருக்கு கோல் எடுத்து போனை என் கையில் தந்தார்.

மே 15, புதன்
மறுபடி அளந்தார்கள். மெஷினை யாரும் தொடாமல் நான் காவல். நான் தொடாமல் ரொபர்ட் காவல்.
கோடு கக்கூஸின் நட்டநடுவில் போகிறது. ரெண்டு சென்டிமீட்டர் கூட தப்பாது என்று காமில் சேர் ஆரம்பித்தார். தெரியும் சேர்.

ஜூன் 2
ஒரு பூட்டு, இரண்டு சாவி. காலை ஐந்தரைக்குப் போனால் கதவு உள்ளே தாழ்ப்பாள். தட்டினேன்.
"கொஞ்சம் பொறும்மா ஜொய்சி," என்றார் சின்னம்மா அக்கா உள்ளேயிருந்து. "எங்க பக்கத்துலதான் உக்காந்திருக்கேன்."