யூதாசின் தாய்க்கு ஓர் ஒப்பாரி

மார்ச் 10, சனி

காலை எட்டு மணிக்கே தகரக் கூரை கொதிக்கிறது. தண்ணீர் பவுசர் வண்டி இன்றும் வரவில்லை. கிணற்று உவர்நீரில் தேநீர். வாயில் வைக்க முடியவில்லை.

செய்ய: ஆறாம் வகுப்புக் கொப்பிகள் திருத்த. அம்மாவின் பிரஷர் குளிசை. பாதர் கேட்ட ஒப்பாரி.

தவக்கால வெள்ளிகளில் சிலுவைப்பாதை முடிய, பெண்கள் முக்காட்டோடு நிலத்தில் உட்கார்ந்து மாதாவின் ஒப்பாரி பாடுவது ஊர் வழக்கம். பாட்டுக் கொப்பி யுத்த இடப்பெயர்வில் போய்விட்டது. புதிதாக எழுத யார்? தமிழ் படிப்பிக்கிற நான்தான். தலைவிதி.

பாதருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. "டீச்சர், வேதத்தை ஒரு ஓவியம் மாதிரிப் பாருங்கோ. கீறாமல் விட்ட இடமும் அதில இருக்கு. அந்த இடத்தில உங்கட மனசுக்கு என்ன தெரியுதோ, அதை எழுதுங்கோ."

"பிழையா எழுதிப்போட்டா, பாதர்?"

"மனசில இருந்து வந்தா அது பிழையில்லை."

பாவம். மனதுக்குள் என்னென்ன கிடக்கும் என்று அவருக்கு இன்னும் தெரியாது.

மார்ச் 13, செவ்வாய்

வேதாகமம் தண்ணீர் பட்டு ஊதிப்போய்க் கிடக்கிறது. பக்கம் பிரிக்கக் கத்தி வேண்டும். இயேசுவின் பாடுகளை இரண்டு தரம் வாசித்தேன். மாதாவோடு அழ ஊரே இருக்கிறது. காட்டிக்கொடுத்த யூதாசின் தாய்க்கு? ஒரு வரிகூட இல்லை. அவளுக்கும் யாரோ வந்து சொல்லியிருப்பார்கள், மகன் தூக்கில் என்று. சனம் வாசலில் துப்பியிருக்கும்.

ஒரே இருப்பில் எழுதி முடித்தேன்.

வெள்ளிக்காசு கண்டதும் என் மகனே
வீட்டுக்கஞ்சி கசந்ததோ
எல்லாத் தாய்க்கும் அழ ஒரு மடியிருக்க
என்னோட அழ ஆர் வருவார்

வாசித்துக் காட்டினேன். அம்மா எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டா.

யூதாசின் தாய் ஏன் என் கண்ணில் பட்டாள்? தெரியாத மாதிரி நடிக்க இங்கே யார் பார்க்கிறார்கள். எழுதிவிடுகிறேன்.

யுத்தம் முடிந்து எங்களை அடைத்திருந்த முகாமில், சாக்கால் முகத்தை மூடிய ஒருவன், வரிசையில் நின்றவர்களைப் பார்த்துத் தலையாட்டினான். அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டினானோ, அவர்களை இயக்கத்தவர் என்று ஆமி வாகனத்தில் ஏற்றியது. அதே வாரம் பிலோமினா அக்காவின் மகன் அன்ரனைக் காணவில்லை. அன்ரன்தான் அந்தத் தலையாட்டி, வேலை முடிய அவனையும் கொண்டுபோய்விட்டார்கள் என்று சனம் கதைத்தது. தண்ணீர் வரிசையில் ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "அன்ரனாமே?"

"ஓம் போல," என்றேன்.

அதற்கு முதல் நாள்தான் என் தம்பி அழுதழுது சொல்லியிருந்தான்: "அக்கா, சாக்குக்குள்ள நிண்டது நான். அடி தாங்கேலாமல் போச்சு."

தம்பி இப்போது லண்டனில். பிலோமினா அக்காவோடு ஊரில் எவரும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. அந்த "ஓம் போல" இல்லாவிட்டாலும் ஊர் அப்படித்தான் கதைத்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வது வழக்கம். இன்றைக்கு அது எடுபடவில்லை.

மார்ச் 16, வெள்ளி

பாடினேன். இரண்டாம் அடியிலேயே சனம் விம்மத் தொடங்கிவிட்டது. எனக்குப் பெருமை. வெட்கமில்லாத பெருமை.

பிறகு ஒவ்வொரு முக்காடாகப் பின்னால் திரும்பியது. கதவோரம், எப்போதும் இருக்கிற இடத்தில், பிலோமினா அக்கா. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவ எழும்பினா, சீலையைத் தட்டினா, செருப்பும் போடாமல் வெயிலுக்குள் போய்விட்டா.

முடிய ஒருத்தி என் கையைப் பிடித்து: "அந்தத் தாயை நாங்கள் மன்னிக்கத்தான் வேணும், என்ன டீச்சர்?"

பாதர்: "அருமை. பெரிய வெள்ளிக்கும் இதையே பாடுங்கோ."

கதவடியில் கிடந்த அக்காவின் செருப்பை எடுத்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 17, சனி

செருப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா முற்றத்தில் கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தா.

"நல்ல பாட்டு," என்றா. "அந்த மனிசிக்காக நானும் அழுதனான். நிமிந்து பாத்தா எல்லாரும் என்னைப் பாக்கினம்."

"நான் உங்களை நினைச்சு எழுதேல்லை அக்கா."

"சனம் முதுகுக்குப் பின்னால சொன்னது. நீர் படிச்ச பிள்ளை, கோயிலில வைச்சுப் பாடிப்போட்டீர். என்ர அன்ரன் அப்படிச் செய்யமாட்டான் எண்டு நீராவது நினைப்பீர் எண்டிருந்தன்."

உங்களை நினைத்து எழுதவில்லை என்றது உண்மை. உண்மையைச் சொல்லியே பொய்யை மூடுகிற கெட்டித்தனம் எனக்கு வாய்த்திருக்கிறது. காகத்தை விரட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 18, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. வயிற்றுக்குத்து என்று சொல்லிவிட்டேன்.

தம்பியின் அழைப்பு. எல்லாம் சொன்னேன். அக்காவிடம் போய்ச் சொல்லப்போகிறேன் என்றும் சொன்னேன். அவன்: "நான் இங்க இருக்கிறன், எனக்கு ஒண்டுமில்லை. அம்மா அங்கயெல்லோ. அவவின்ர வாசலில துப்புவினம்."

அதுவும் நியாயம்தான். அந்த நியாயத்தில்தான் மூன்று வருடம் ஓடியது.

பக்கத்தில் இருந்த அம்மா பயற்றங்காய் முறித்துக்கொண்டே: "துப்பினா கழுவலாம். போய்ச் சொல்லு."

மார்ச் 20, செவ்வாய்

பள்ளிக்கு லீவு எழுதிக் கொடுத்தேன். காற்றே இல்லை. வழியில் நாலு கழுதை, நடு றோட்டில், விலகவில்லை. திரும்பிப் போக ஒரு சாட்டாக அவற்றைக்கூட யோசித்தேன்.

பிலோமினா அக்கா கதிரையை இழுத்துப் போட்டா. நான் உட்காரவில்லை.

"அக்கா, யூதாசின்ர தாய் நீங்கள் இல்லை. அவ எங்கட வீட்டில இருக்கிறா. சாக்குக்குள்ள நிண்டது என்ர தம்பி. எனக்கு அப்பவே தெரியும்."

திட்டுவா, அடிப்பா என்று நின்றேன். அவ கையைச் சீலையில் துடைத்தா. திரும்பத் திரும்பத் துடைத்தா.

"அப்ப என்ர பிள்ளையைப் பாத்துத் தலையாட்டினது ஆர்?"

அதைத் தம்பியிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை.