ஆறு வரி அறிவித்தல்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மின்விசிறி இன்றும் நின்றுவிட்டது. திருத்தித் தரச் சொல்லிச் சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதினேன். அதை நானே தமிழாக்கி, இரண்டு ஃபைலிலும் நானே போட்டேன். பத்தொன்பது வருஷமாகப் பிரதேச சபையின் ஒரே மொழிபெயர்ப்பாளர் என்றால் இப்படித்தான்.

பகலில் சபைத் தலைவர் கூப்பிட்டார். ஜூன் மாதம் வந்த புதியவர். அவர் வருவதை முதலில் சொல்வது அவருடைய சென்ட். மூன்று பக்கச் சிங்கள அறிவித்தல் ஒன்றை நீட்டினார். ஊர்த் தண்ணீர்த் திட்டத்துக்கு “முகாமைத்துவப் பங்காண்மை”யாம்.

“தமிழில் சுருக்கமாகப் போதும் மிஸ். யார் வாசிக்கப் போறாங்க?”

உண்மைதான். என் தமிழை இதுவரை யாரும் வாசித்ததில்லை. அதற்கு அவரைக் குற்றம் சொல்ல முடியாது. என் தமிழ் அப்படி.

ஆகஸ்ட் 13, புதன்

மூன்று பக்கத்தையும் பஸ்ஸில் வாசித்தேன். முதல் பக்கத்தில் அபிவிருத்தி. இரண்டாவதில் நிலைபேறான அபிவிருத்தி. மூன்றாவதின் அடியில், எறும்பு எழுத்தில், கம்பெனியின் விலாசம்.

அந்த விலாசம் எனக்குத் தெரியும். கிளிப்பச்சை கேட் போட்ட வீடு. தலைவரின் வீடு. கம்பெனிப் பணிப்பாளர் தலைவருடைய மனைவியின் தம்பி. அங்கேதான் சாப்பாடு, படுக்கை எல்லாம்.

மக்கீன் நானாவை நினைத்துக்கொண்டேன். முப்பது வருஷமாக வால்வு திறப்பவர். விடிய ஐந்து மணிக்கு மேல்வரிசை வீடுகள், பின்னேரம் நாலுக்குக் கீழ்வரிசை வீடுகள். மையித்து வீடு, சாவு விழுந்த வீடு என்றால் மட்டும் நேரம் பார்க்கமாட்டார். பள்ளிவாசலில் அறிவித்து முடியுமுன்னே வால்வுத் திறப்போடு போய்விடுவார். முஸ்லிம் வீடா, தமிழ் வீடா, சிங்கள வீடா என்று கேட்டதும் இல்லை. உம்மா மௌத்தான அன்று, குளிப்பாட்ட அவர் திறந்துவிட்ட தண்ணீர் வாசல்வரை ஓடியது.

அறிவித்தலின்படி இனி நேரத்தைத் தீர்மானிப்பது கம்பெனி. வீட்டுக்கு வீடு மீற்றர். முப்பது வருஷத்துக்கு.

ஆகஸ்ட் 14, வியாழன்

வழக்கம்போல் ஒரு தமிழாக்கம் செய்தேன். “மேற்குறித்த”, “இத்தால்”, “பராதீனப்படுத்தல்” எல்லாம் ஜோராக இருந்தன. ஆபீஸ் கேட்டில் கீரை விற்கும் சுந்தரம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். ஏன் அவளிடம்? இருந்தாள், அவ்வளவுதான்.

“என்னாங்க மிஸ் இது, மந்திரமா?” என்றாள். பிறகு, “சந்தைக்கும் இப்புடி ஒண்ணு ஒட்டியிருந்தாங்க. கல்யாணப் பத்திரிகையாட்டம் இருந்துச்சு. நான் பாட்டுக்குக் கீரை வித்துக்கிட்டு இருந்தேன்.”

சந்தையைக் குத்தகைக்குக் கொடுத்து ஏழு வருஷம். அடுத்த மாதமே அவளுடைய இடத்துக்கு வேறு ஆள் வந்தான். அவள் ஆபீஸ் கேட்டுக்கு வந்தாள். அந்தப் பத்திரிகையை எழுதியது நான். ஒரு பிழையும் இல்லாத தமிழ் என்று அன்றைய செயலாளர் பாராட்டினார். ஒரு ஆட்சேபமும் வரவில்லை என்று அன்றைய தலைவரும் பாராட்டினார்.

அவளிடம் இதைச் சொல்லவில்லை. இரண்டு கட்டு வல்லாரை வாங்கினேன். வீட்டில் யாருக்கும் வல்லாரை பிடிக்காது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சுருக்கமாகத்தானே கேட்டார்? கொடுத்தேன்.

“ஊர்த் தண்ணீர் முப்பது வருடத்துக்கு ஒரு கம்பெனிக்குக் கொடுக்கப்படும்.
கம்பெனி தொடங்கியது சென்ற மாதம்.” அடுத்தது விலாசம், தெருவும் இலக்கமும் சரியாக.
“வால்வு திறக்கும் நேரத்தைக் கம்பெனி தீர்மானிக்கும், மீற்றர் போடும்.
விருப்பமில்லாதவர்கள் பதினான்கு நாளுக்குள் எழுதிக் கொடுக்கலாம்.
ஒருவரும் எழுதாவிட்டால் எல்லோருக்கும் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்படும்.”

ஆறு வரி. ஒவ்வொன்றும் சிங்களத்தில் எங்கோ ஒளிந்திருப்பதுதான். நான் ஒன்றும் கூட்டவில்லை. மறைக்கவில்லை, அவ்வளவே.

தமிழ் வாசிக்கத் தெரியாத தலைவர் நீளத்தை மட்டும் பார்த்தார். “ஆ, இதுதான் வேலை,” என்று சிரித்துக் கையெழுத்துப் போட்டார். சீல் நானே குத்தினேன். கொஞ்சம் அழுத்திக் குத்திவிட்டேன்.

பயமா? இருக்கிறது. குறும்பா? அதுவும் இருக்கிறது. எது கூடுதல் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஒட்டியாயிற்று. பள்ளிவாசல், கோயில், பௌத்த பன்சல, பஸ் நிலையம். எல்லா இடமும் சட்டப்படி.

ஆகஸ்ட் 21, வியாழன்

இன்றுதான் சிரிப்பு. பன்சலப் பிக்கு, எங்கள் ஹாமுதுரு, சில்லறைக்கடை பலீல் நானாவைக் கூப்பிட்டாராம். மூன்று பக்கச் சிங்களத்தை இரண்டு தரம் வாசித்தும் அவருக்கு விளங்கவில்லை. பக்கத்தில் இருந்த தமிழ்த் தாள் சின்னதாக இருந்ததால், அதில் என்ன இருக்கிறது என்று சொல்லச் சொன்னாராம். பலீல் நானா சிங்களத்தில் சொல்ல, கேட்டுக்கொண்டிருந்த பத்துப் பேரும் மூன்றாம் வரியில், “அது பச்சை கேட் வீடல்லவா?” என்றார்களாம்.

பின்னேரத்துக்குள் சிங்களக் கடைகளிலும் ஆறு வரியைப் பிரதி எடுத்து ஒட்டிவிட்டார்கள். தமிழிலிருந்து சிங்களத்துக்கு. என் உத்தியோக வாழ்க்கையில் முதல் தடவை போக்குவரத்து எதிர்ப்பக்கமாகப் போகிறது.

இரவு வீட்டுக்காரரிடம் சொன்னேன். பஸீர் எப்போதும்போல் டிவியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். கடைசியில், “வில்கமுவைக்குப் பஸ் எத்தன மணிக்கெண்டு இப்பவே கேட்டு வெச்சுக்கோ,” என்றார்.

இடமாற்றம் என்றால் சபையில் எல்லோரும் வில்கமுவ என்ற பெயரைச் சொல்லித்தான் பயமுறுத்துவார்கள். மகள் அம்றாவுக்கு டிசம்பரில் உயர்தரப் பரீட்சை. இவருக்குச் சோறு பொங்கத் தெரியாது. நான் சிரித்தேன், சிரிப்பு சரியாக வரவில்லை.

செப்டெம்பர் 1, திங்கள்

இன்றோடு பதினான்கு நாளும் முடிவு. முந்நூற்றுப் பன்னிரண்டு கடிதம். அதில் நூற்று நாற்பது தமிழ். சபைக்குச் சமர்ப்பிக்க அவற்றைச் சிங்களமாக்க வேண்டும். யார்? நான்தான்.

இவற்றை மட்டும் சுருக்கவில்லை. சலாம், வணக்கம், பேரப்பிள்ளையின் காய்ச்சல், குழாய் வெடித்த வருஷம், எல்லாவற்றையும் சொல்லுக்குச் சொல் பெயர்க்கிறேன்.

மக்கீன் நானா எழுதியது ஒரே வரி: “நான் முப்பது வருஷம் தண்ணீர் திறந்தேன், என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை, இப்போது நான் கேட்கிறேன், மையித்து வீட்டுக்கு யார் திறப்பது?”

அதைப் பெயர்க்க ஒரு மணித்தியாலம் ஆனது. எழுதி எழுதிக் கிழித்தேன்.

செப்டெம்பர் 9, செவ்வாய்

சபைக் கூட்டம். மண்டபத்துக்கு வெளியேயும் ஆட்கள். தலைவர் எழுந்து, தமிழ் மொழிபெயர்ப்பில் பாரிய தவறு நடந்துவிட்டது, மக்கள் பிழையாக விளங்கிக்கொண்டார்கள் என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆறு வரித் தாளை ஃபைலிலிருந்து எடுத்தேன்.

ஹாமுதுரு எழுந்தார். “நல்லது. வரி வரியாக வாசிக்கச் சொல்லுங்கள். பிழையான வரியில் தலைவர் கையை உயர்த்தட்டும்.”

வாசித்தேன். ஒவ்வொரு வரியையும் சிங்களத்திலும் சொன்னேன். முதல் வரி. கை எழவில்லை. இரண்டாவது. இல்லை. விலாசத்தை வாசித்தபோது அவருடைய கை மேசையிலிருந்து கொஞ்சம் கிளம்பியது, போய்த் தண்ணீர்க் கிளாஸை எடுத்தது. ஆறு வரியும் முடிந்தது. கிளாஸும் காலி.

திட்டம் கைவிடப்பட்டது. “மீள்பரிசீலனைக்காக ஒத்திவைக்கப்பட்டது” என்று குறிப்பில் எழுதச் சொன்னார்கள். தமிழ்க் குறிப்பில் “கைவிடப்பட்டது” என்றே எழுதினேன். சுருக்கமாக இருக்கட்டுமே.

வெளியே சுந்தரம்மா நின்றாள். அப்போதுதான் சொன்னேன், சந்தைப் பத்திரிகையையும் எழுதியது நான்தான் என்று. கொஞ்ச நேரம் கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். “தெரியும் மிஸ். இங்க வேற யாரு இருக்கா தமிழ் எழுத?” என்றாள். வல்லாரைக் கட்டு ஒன்றை என் பையில் வைத்தாள். விலை கேட்டேன். அடுத்த கட்டுக்குத் தண்ணீர் தெளித்தாள். மன்னிப்பா, தண்டனையா என்று இன்னும் விளங்கவில்லை.

செப்டெம்பர் 17, புதன்

வந்துவிட்டது. வில்கமுவ. “சேவையின் அவசியம் கருதி.”

செப்டெம்பர் 18, வியாழன்

என் இடமாற்றக் கடிதத்துக்குத் தமிழ்ப் பிரதி வேண்டுமாம், ஃபைலுக்கு. வேறு யார் எழுதுவது? எழுதினேன். “றாபியா போகிறார்.” செயலாளர் இரண்டு வரியாவது போடச் சொன்னார்.

அம்றா அழவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஒக்டோபர் 7, செவ்வாய்

பஸ் இறங்கிய இடத்திலிருந்து டிராக்டரில் ஏறிப் போனேன். சுற்றிலும் வயல். ஆபீஸில் ஒரு மேசை, மூன்றரைக் கால். இங்கே தமிழ் வாசிக்கிற ஆளே இல்லை, உங்களுக்கு என்ன வேலை கொடுப்பது என்று பொறுப்பதிகாரி உண்மையாகவே கவலைப்பட்டார். தலைவர் யோசித்துத்தான் அனுப்பியிருக்கிறார். கெட்டிக்காரன்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

வீட்டில். இவர் பொங்கிய சோறு குழைந்திருந்தது. யாரும் மிச்சம் வைக்கவில்லை. விடிய ஐந்து மணிக்குக் குழாய் கரகரத்துத் தண்ணீர் வந்தது. படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒக்டோபர் 23, வியாழன்

பதினாறு நாளாகச் சும்மா இருந்தேன். மேசைக்கால் ஒன்றுக்குச் செங்கல் வைத்ததுதான் சாதனை.

இன்று பகல் ஒரு விவசாயி மோட்டார் சைக்கிளில் வந்தார். சேற்றுக்கால், சட்டைப்பையில் மடித்த கடதாசி. வாசலிலேயே நின்று சிங்களத்தில் கேட்டார்:

“சின்னதா எழுதுற மிஸ் நீங்களா?”

ஆம் என்றேன். கடதாசியை விரித்தார். வாய்க்கால் தண்ணீர் பற்றி ஒரு கம்பெனி அனுப்பியது. நாலு பக்கம். சிங்களம்.

இது உங்கள் பாஷைதானே ஐயா, நான் தமிழுக்கல்லவா மொழிபெயர்க்கிறவள் என்றேன்.

“தமிழ் வேண்டாம். சிங்களத்துக்கே மாத்திக் குடுங்க.”

அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்றன. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முதலில் நாலாம் பக்கத்தின் அடியைப் பார்த்தேன்.