தட்டிப் பார்க்காத கத்தி

அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான்,

கபரடிக்குள்ள நுழையிறப்ப சலாம் சொல்லிட்டுத்தான் காலெடுத்து வைக்கணும், உள்ள அடங்கியிருக்கிறவங்களுக்குக் கேக்கும்னு சொல்லுவாங்க. கடுதாசிக்கும் அதே முறைதான்னு வச்சுக்கிட்டேன். நேர்ல வந்து நின்னா எனக்கு வாயே தொறக்க மாட்டேங்குது. ரெண்டு வெள்ளிக்கிழமை வந்துட்டுச் சும்மா திரும்பிட்டேன். அதான் எழுதறேன்.

நீங்க போயி மூணு மாசம் ஆகப்போகுது. என்கூடப் பொறந்த லாத்தா உங்களுக்காக இன்னும் இத்தாவுலதான் இருக்கா, நாலு மாசம் பத்து நாள் முடியிற வரைக்கும் வாசப்படி தாண்டுறதில்ல. உள்ளயே ஒக்காந்து கூலிக்கு வலை கட்டுறா. உங்க மீன்பிடி பைபர் படகு கோட்டைப்பட்டினம் கரையில கவுந்து கெடக்கு. இன்ஜினை மட்டும் முருகேசண்ணன் கழட்டி, உப்புக்காத்து படாம சாக்கு சுத்தி, அவரு வீட்டுல வச்சிருக்காரு. உங்க தொழில் கூட்டாளியாச்சே, அவருக்கு யாரும் சொல்லணுமா என்ன.

உங்க கையை அறுத்தது கயிறு இல்ல, கத்தின்னு உங்களுக்கும் எனக்கும் முருகேசண்ணனுக்கும் தெரியும். அந்தக் கத்தி ஆகாத கத்தின்னு மொத நாளே தெரிஞ்ச ஆளு ஒருத்தன்தான். அது நான். ஆஸ்பத்திரியில நீங்க என்னைத் தேத்துனப்பகூட இதை நான் சொல்லல. "நீ என்ன பண்ணுவ மாப்ள, உனக்கு எப்படித் தெரியும்?"னீங்க. தலையை ஆட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தேன். எனக்குத் தெரியும் மச்சான்.

மீமிசல் கடைத்தெருவுல நான் என்ன யாவாரம் பண்றேன்னு உங்களுக்குச் சொல்ல வேணாம். ஆனா இதை மத்தவங்களும் படிக்கப் போறாங்க, அதனால சொல்றேன். வெளிநாட்டுலேர்ந்து திரும்புறவங்க பெட்டியில கொண்டாற பழைய சாமானை வாங்கி விக்கிறேன். டார்ச்சு, கைக்கடியாரம், மடக்குக் கத்தி. மடக்குக் கத்தின்னா மீமிசல்லேர்ந்து ஜெகதாப்பட்டினம் வரைக்கும் என்கிட்டதான் வருவாங்க. "அவன் பார்த்துக் குடுத்தா கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்"னு பேரு. பெரிய பேரு!

மடக்குக் கத்தியில பளபளப்பைப் பார்க்கக் கூடாது. பூட்டைப் பார்க்கணும். அலகைத் தொறந்தா, பிடிக்குள்ள இருக்கிற எஃகுத் தகடு ஒண்ணு நகந்து வந்து அலகோட அடிப்பக்கத்துல முட்டுக் குடுத்து நிக்கும். நான் அதை நாக்குன்னு சொல்லுவேன். புதுக் கத்தியில அந்த நாக்கு அலகோட இந்த ஓரத்தை லேசாத் தொட்டுத்தான் நிக்கும். தொறந்து மூடித் தொறந்து மூடித் தேயத் தேய, முட்டுறதுக்கு எடம் தேடி அந்த ஓரத்துக்கு நகந்துகிட்டே போகும். பிடியோட எதுத்த சுவத்தைத் தொட்டுருச்சுன்னா அம்புட்டுத்தான், இனி நகர எடமில்ல, பூட்டு எப்ப வேணா விட்டுரும். சத்தம் மட்டும் 'டக்'குன்னு கணீர்னு கேக்கும். நம்ம ஆளுக அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் ஏமாந்து போறது.

அலகைப் பிடிச்சு ஆட்டியும் பார்ப்பேன். பக்கவாட்டுல ஆடுனா ஸ்க்ரூவை முறுக்கிச் சரி பண்ணிறலாம், மேல கீழ ஆடுனா அது பூட்டோட ஆட்டம், ஒண்ணும் பண்ண முடியாது. கடைசியா, வெரலெல்லாம் அலகு மடங்குற வழியில இல்லாம ஒதுக்கிப் பிடிச்சுக்கிட்டு, அலகோட முதுகை மேசை விளிம்புல ரெண்டு தட்டுத் தட்டுவேன். மடங்குனா கத்தியைத் திருப்பிக் குடுத்துருவேன். யாரா இருந்தாலும் மூஞ்சிக்கு நேராத் தட்டுவேன். ஒரு தடவை பள்ளிவாசல் தலைவர் கொண்டாந்ததையே தட்டி, அது மடங்கி, அவரு சலாம்கூட சொல்லாமப் போனாரு, ஞாபகம் இருக்கா? நீங்கதான் பக்கத்துல நின்னு சிரிச்சீங்க.

ஆனா அன்னிக்கு வந்தது என் மாமனாரு.

சவுதியில, தம்மாம்ல ஒரு குடோன்ல இருபது வருசம் அட்டைப் பெட்டி பிரிச்ச மனுசன். போதும் போன்னு அனுப்பிட்டாங்க. மத்தவங்க பெட்டி பெட்டியா எறக்குற ஊர்ல, இவுங்க ரெண்டே ரெண்டு பையோட வந்து எறங்குனாங்க. மறுவாரம் அதுல ஒண்ணைத் தூக்கிக்கிட்டு என் கடைக்கு வந்தாங்க. மருமகன் கடையில கொண்டுபோய்ப் பழைய சாமான் விக்கிற நெலைமை எந்த மாமனாருக்கும் வரக் கூடாது. டீ சொன்னேன். குடிச்சுட்டு, பையிலேர்ந்து ஒவ்வொரு சாமானா எடுத்து வச்சாங்க.

கடைசியா துண்டுல சுத்தியிருந்த கத்தியை எடுத்து மேசையில வச்சாங்க. கையில குடுக்கல, கத்தியைக் கைக்குக் கை குடுக்கக் கூடாதுல்ல. "இது உன் மச்சானுக்கு ஆகும் மாப்ள. கடல்ல கெடக்குற ஆளு. இத்தனை வருசம் என் இடுப்புல இருந்தது, ஒரு நா ஏமாத்துனதில்ல"ன்னாங்க. தொறந்தேன். 'டக்'குன்னுச்சு. வெளிச்சத்துல திருப்பிப் பார்த்தேன். நாக்கு அந்த ஓரத்துச் சுவத்துல போயி ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. பார்த்தேன் மச்சான். நல்லாப் பார்த்தேன்.

என் கை தானா மேசை விளிம்புக்குப் போச்சு. தட்டியிருந்தா மடங்கியிருக்கும். மடங்குனா மாமா மூஞ்சி என்னாகும்? மாமனாரு சாமானை மூஞ்சிக்கு நேராத் தட்டிப் பார்த்த மருமகன்னு ஆயிரும். கையை எடுத்துட்டேன். அலகைப் பிடிச்சு ஆட்டுனேன், ஆடல. ஏன் ஆடல? பெட்டி பிரிச்சுப் பிரிச்சு, டேப்பு பசையும் தூசியும் மூட்டுக்குள்ள போயி இறுகியிருந்துச்சு. அதுவும் எனக்குத் தெரியும். 'ஆட்டம் இல்லையே, அப்புறமென்ன'ன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு, சொன்ன வெலையைக் குடுத்து வாங்கி வச்சேன். சாயங்காலம் நீங்க வந்தீங்க, எடுத்துக் குடுத்தேன். மாமா பெருமையா ஒக்காந்து பார்த்துக்கிட்டிருந்தாங்க.

இதோட விட்டானா அல்லா? இல்ல, இன்னொரு வாய்ப்பும் குடுத்தான். எங்க வீட்டு விருந்துல நீங்க, நான், மாமா மூணு பேரும் ஒரே சஹன் தட்டுல ஒக்காந்து சாப்புட்டோம். நீங்க சந்தோசமா சொன்னீங்க, "மாப்ள, அந்தக் கத்தியை டீசல்ல ஊறப் போட்டுக் கழுவுனேன், இப்ப ஒத்த வெரலால தொறக்குது பாரு!"ன்னு. பசை போயிருச்சு, இனி அந்தப் பூட்டுக்கு ஒரு பிடிமானமும் இல்ல. கத்தியைக் குடுங்கன்னு அப்பவே கேட்டிருக்கணும். மாமா எதுக்க ஒக்காந்து கறியை உங்க பக்கம் தள்ளி வச்சுக்கிட்டிருந்தாங்க. "அப்படியா மச்சான், நல்லது"ன்னுட்டு நான் அடுத்த கவளத்தை எடுத்தேன். அந்தச் சோறு எனக்கு எப்படி எறங்குச்சுன்னு இன்னிக்கும் தெரியல.

பதினஞ்சு நாள் கழிச்சுக் கடல்ல வலைக்கயிறு இன்ஜின் விசிறியில சுத்திக்கிச்சு. முருகேசண்ணன் இன்ஜினை அணைச்சுட்டாரு. நீங்க குனிஞ்சு, கயித்து முறுக்குக்குள்ள கத்தி முனையைச் சொருகி நெம்புனீங்க. பூட்டு விட்டுருச்சு. அலகு திரும்பி உங்க வெரல்ல மடங்குச்சு. கரைக்கு வர்றதுக்குள்ளயே முருகேசண்ணன்கிட்ட சத்தியம் வாங்கிட்டேன்னு ஆஸ்பத்திரியில நீங்களே என்கிட்ட சொன்னீங்க. "கயிறு அறுத்துருச்சுன்னு சொல்லு. கத்தின்னா என் பொஞ்சாதி அவ தம்பியைத் தின்னுருவா, சம்பந்தி வீடு ரெண்டும் நாறிப் போகும்"னீங்களாம்.

ஏன் மச்சான் அப்படிச் சொன்னீங்க? எனக்காகவா, மாமாவுக்காகவா? கயிறு சிராய்ச்சுருச்சுன்னதும் லாத்தா தேங்காண்ணையும் மஞ்சளும் வச்சுக் கட்டிவிட்டா. கத்தி வெட்டுன்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே ஊசி போட இழுத்துக்கிட்டுப் போயிருப்பா, உங்களுக்கு இருந்த சக்கரைக்கு ஒரு நாள்கூட விட்டிருக்க மாட்டா. நீங்க துணியைப் பிரிச்சுக் காட்டாமலே நாலு நாள் ஓட்டிட்டீங்க. அஞ்சாம் நாள் கை மணிக்கட்டு வரைக்கும் வீங்கி, காய்ச்சல்ல பெனாத்துனப்பத்தான் புதுக்கோட்டைக்குத் தூக்கிக்கிட்டு ஓடுனோம். மொதல்ல ரெண்டு வெரலை எடுத்தாங்க. அப்புறம் கையை எடுத்தாங்க. அப்புறம் எடுக்கிறதுக்கு எதுவுமில்லன்னுட்டாங்க, ரத்தத்துல ஏறிருச்சுன்னாங்க. மத்தியானம் லுஹர் பாங்கு சொல்ற நேரத்துல நீங்க போயிட்டீங்க.

நான் இதையும் மறைச்சிருப்பேன். உண்மையைச் சொல்றேன், மறைச்சிருப்பேன். உங்க கத்தி எங்கன்னு லாத்தா கேட்டப்ப, ஆஸ்பத்திரியில தொலைஞ்சிருச்சுன்னு கூசாமச் சொன்னவன்தானே. நீங்க ஆஸ்பத்திரியில என்கிட்ட ஒப்படைச்ச கத்தி என் கடை டிராயர்லதான் இருந்துச்சு.

ஆனா கயிறுன்னா யாரோ அந்தக் கயித்தை இழுத்திருக்கணும்ல? லாத்தா யோசிச்சு யோசிச்சு ஒரு முடிவுக்கு வந்துட்டா. உங்க கை கயித்துல இருக்கிறப்பவே முருகேசண்ணன் இன்ஜினை முடுக்கிட்டாருன்னு. நாப்பதாம் நாள் பாத்திஹா ஓதிச் சோறு போட்டப்ப அவரு வாழைத்தாரோட வந்து நின்னாரு. ஜன்னலுக்குப் பின்னாலேர்ந்து லாத்தா கத்துனா. "எம் புருசனைக் கொன்னுட்டுச் சோறு திங்க வந்தியா? ஒன் கை அழுகாதா?" தெருவே கேட்டுச்சு. அவரு தாரை வாசல்ல வச்சுட்டுத் திரும்பிப் போனாரு. நான் உள்ள எலை போட்டுக்கிட்டிருந்தேன். என் காதுலயும்தான் விழுந்துச்சு.

அதுக்கப்புறம் அவரை எந்தப் போட்டுலயும் ஏத்தல. கையைக் காவு குடுக்கிற ஆளுன்னு பேராயிருச்சு. போன வாரம் கடைக்கு வந்தாரு. ஒக்காரச் சொன்னேன், ஒக்காரல.

"தம்பி, உங்க மச்சான் எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. நான் சொல்ல மாட்டேன். என் புள்ளைக பட்டினி கெடந்தாலும் சொல்ல மாட்டேன். உங்ககிட்ட யாரும் சத்தியம் வாங்கலைல்ல?"

அம்புட்டுத்தான் கேட்டாரு. கடையைச் சாத்திட்டு, கத்தியை எடுத்துக்கிட்டு லாத்தா வீட்டுக்குப் போனேன்.

எல்லாத்தையும் சொன்னேன். லாத்தா வலை ஊசியைக் கீழ வைக்காமலே கேட்டா. முடிஞ்சதும் "காட்டு"ன்னா. தொறந்தேன். 'டக்'குன்னுச்சு. வெரலை ஒதுக்கிப் பிடிச்சு, அலகு முதுகை வாசக்கால்ல ஒரு தட்டுத் தட்டுனேன். ஒரே தட்டு, மடங்கிருச்சு.

"கடையில வச்சு இதைச் செஞ்சியா?"

"இல்ல லாத்தா."

"ஏன்?"

"மாமா எதுக்க ஒக்காந்திருந்தாங்க."

"தட்டாட்டி என்ன, பார்த்தா தெரியாதா ஒனக்கு? ஊருக்கே பார்த்துக் குடுக்குறவனாச்சே நீ. தெரிஞ்சுச்சா, தெரியலையா?"

"தெரிஞ்சுச்சு."

லாத்தா அழுவான்னு நெனச்சேன். அடிப்பான்னு நெனச்சேன். ரெண்டும் இல்ல. "ஒரு மனுசன் மூஞ்சி வாடிறக் கூடாதுன்னு எம் புருசன் கையைக் குடுத்துட்டு வந்திருக்கியேடா"ன்னா. சத்தம்கூடப் போடல. அப்புறம், "முருகேசனை வரச் சொல்லு. நீ இரு"ன்னா.

அவரு வந்து வெளிய நின்னாரு. லாத்தா திரைக்குப் பின்னாலேர்ந்து, "அண்ணே, நான் பாவி, என்னை மன்னிச்சுருங்க"ன்னா. "விடுங்க தங்கச்சி"ன்னு சொல்ல வந்தவரு, முடிக்க முடியாம துண்டால வாயைப் பொத்திக்கிட்டு அழுதாரு. உங்களுக்காக அவரு அழுது நான் பார்த்தது அன்னிக்குத்தான். உங்க போட்டை அவரே எடுத்து ஓட்டட்டும்னு லாத்தா சொல்லிட்டா. இந்த வாரம் கவுந்து கெடக்குறதை நிமித்துறாங்க.

அவரு போனதும் லாத்தா என்னைப் பார்த்தா. "அவரை நான் தெரு கேக்கத் திட்டுனேன். நீ செஞ்சதையும் தெரு கேக்கச் சொல்லு. சொல்லிட்டு, இந்த வாசப்படி மிதிக்காத"ன்னா. "இத்தா முடியட்டும் லாத்தா, அப்புறமாவது..."ன்னு இழுத்தேன். "எனக்குத் தம்பி இல்ல"ன்னுட்டு வலையை எடுத்து மடியில போட்டுக்கிட்டா. அதனாலதான் மச்சான் இது உங்க பேருக்கு எழுதுன கடுதாசியா இருந்தாலும், ஊரு பார்வைக்கு வருது. முருகேசன் மேல ஒரு குத்தமும் இல்ல. படிக்கிறவங்க இதை அவங்கவங்க கரையில போயிச் சொல்லுங்க.

மாமாகிட்ட இன்னும் நான் வாயைத் தொறக்கல. இதைப் படிச்சுத்தான் தெரிஞ்சுக்குவாங்க. மூஞ்சி வாடும். வாடட்டும்.

உங்களுக்கு ஒரு வாக்குக் குடுக்கிறேன் மச்சான். லாத்தா கதவைத் தொறக்கிற வரைக்கும் நான் தட்ட மாட்டேன், யாரையும் தூது அனுப்ப மாட்டேன், எனக்காகப் பேசச் சொல்லி உங்க பேரை இழுக்க மாட்டேன். அவ தொறக்காமலே போனாலும் அது அவளுக்கு உள்ள ஹக்கு, அவ உரிமை. வெள்ளிக்கிழமைதோறும் உங்ககிட்ட வருவேன். அங்க என்னைப் போகச் சொல்ல உங்களால முடியாதே.

லாத்தாவுக்குத் தம்பி இல்லாமப் போன,
உங்க மச்சினன்.