இவாஞ்சலினிடம் நீ சொன்ன வார்த்தை

பழனிசெட்டிபட்டி,
புதன்கிழமை.

அன்பு மகன் சாலமனுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் தங்கச்சிகள் இரண்டு பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் குவைத் வெயிலில் அப்படியே இருக்க வேண்டும் என்று ஜெபிக்கிறேன். மனசுதான் சரியில்லை. போனில் சொன்னால் வேலை இருக்கிறது என்று பாதியில் வைத்துவிடுவாய், அதனால் விடுப்பு முடிந்து அங்கே திரும்பும் அமிர்தராஜ் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். முழுதாகப் படி.

நீ அனுப்பிய பணத்தில் தேனியில் உன் சிநேகிதன் முத்துராஜா கடையில் பழைய லேப்டாப் வாங்கினோமே, கட்டுரை அடிக்கவும் அட்டவணை போடவும் வேண்டிய ஆபீஸ் சாஃப்ட்வேரை அவனே ஏற்றிக் கொடுத்து, "ஆயுசுக்கும் இது போதும்மா" என்றான். பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளை இவாஞ்சலின், ஜெயமங்கலம் போய் வராக நதித் தண்ணீரை மூன்று மாதம் பாட்டிலில் பிடித்துச் சோதித்து, அறிவியல் கண்காட்சிக்காக முப்பது பக்கம் அதில் அடித்து வைத்திருந்தாள். கொடுக்க ஐந்து நாள் இருக்கும்போது ஒன்றுமே திறக்கவில்லை. கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், நாலு பேர் நிற்கிற இடத்தில் அவன், "பிள்ளைக கண்டதையும் பாத்தா இப்படித்தாம்மா வைரஸ் வரும்" என்கிறான். அதையே உனக்கும் சொல்லியிருக்கிறான். நீ என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்டாயா? எடுத்த எடுப்பில் அவளிடம், "படிக்கத்தான வாங்கிக் குடுத்தேன், என்னத்தப் பாத்துத் தொலைச்ச" என்று கத்தினாய், என்னிடம் அதைப் பிடுங்கி பீரோவில் வைக்கச் சொன்னாய். பிள்ளை அன்று சாப்பிடவில்லை. பணம் அனுப்புகிறவன் என்றால் தங்கச்சியை என்ன வேண்டுமானாலும் சொல்லலாமா?

மறுநாள் நானே லேப்டாப்போடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கம்ப்யூட்டர் டீச்சர் அனிதா மேரி பார்த்துவிட்டு, அவன் ஏற்றியதே திருட்டு நகல், அதோடு சேர்ந்து வந்த வைரஸ்தான் எல்லாவற்றையும் பூட்டிவிட்டது, பிள்ளை மேல் ஒரு தப்பும் இல்லை என்றார். ஒழுங்கானதை வாங்க வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டுமாம், அப்பா போடியில் ஏலக்காய்க் கடையில் வாங்கும் சம்பளத்துக்கு அது கட்டுபடியாகுமா? அதற்கும் டீச்சரே வழி சொன்னார். லிப்ரே ஆபீஸ் என்று ஒன்று இருக்கிறது, காசே கிடையாது, திருட்டும் இல்லை, பள்ளிக்கூடம் கேட்கிற மாதிரியே சேமித்துக் கொடுக்கலாம். லேப்டாப்பை முழுக்கத் துடைத்துவிட்டு அதை ஏற்றித் தந்தார். எட்டாவது படிக்கிற ஷீபாவும் இப்போது அதில்தான் எழுதுகிறாள். இவ்வளவு லேசான காரியத்தை உன் சிநேகிதன் ஏன் முதலிலேயே சொல்லவில்லை?

அடித்தது அத்தனையும் போய்விட்டது, அவள் கையால் குறித்து வைத்திருந்த நோட்டு மட்டும்தான் மிச்சம். இவாஞ்சலின் இனி வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டாள். அப்பா நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, "டீச்சரே சொல்லிட்டாக, பெறகென்ன, நீ அடி ஆத்தா, நான் வாசிக்கிறேன்" என்றார். நாலு நாளில் முப்பது பக்கத்தையும் திரும்ப அடித்துக் கொடுத்துவிட்டாள். முடிவு இன்னும் வரவில்லை.

முத்துராஜாவை நான் சும்மா விடவில்லை. கூட்டம் இருக்கிற நேரம் பார்த்துக் கடைக்குப் போய், நாலு பேர் முன்னால் சொன்னதை நாலு பேர் முன்னாலேயே திருப்பி எடு என்றேன். "ஊரே இப்படித்தாம்மா போடுது" என்று மழுப்பினான். என் பிள்ளையைப் பற்றிச் சொன்னதுக்கு அதுவா பதில் என்று கேட்டுவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கோயில் விட்டு வந்தபோது நம் வீட்டு வாசலில் நின்று, "தப்பு என் மேலதான் தங்கச்சி" என்று இவாஞ்சலினிடம் சொல்லிவிட்டுப் போனான். அந்நியன் வந்து சொல்லிவிட்டான். கூடப்பிறந்தவன் நீ இன்னும் சொல்லவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, வெறும் டீயைக் குடித்துக்கொண்டு கிடக்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. இதைப் படித்ததும் முதலில் இவாஞ்சலினைக் கூப்பிடு, எடுக்காவிட்டால் எடுக்கிறவரை கூப்பிடு. அவளிடம் பேசாமல் எனக்குப் போன் செய்யாதே, நான் எடுக்க மாட்டேன்.

உன்னைப் பெற்றவள்,
ஜெபமணி.