சாவி என் பையில்

கண்ணு,

நாம் குடியிருக்கும் இந்தக் கேரவன் வண்டிக்குள் என்ன பேசினாலும் அப்பா காதில் விழும். அதனால் எழுதி உன் ஷூவுக்குள் வைக்கிறேன். டாக்டரைப் பார்க்கப் போகிறேன். சாவி என் பையில் இருக்கிறது. நீ இன்று பள்ளிக்கு லீவு சொல்லிவிடு. சாதம் குக்கரில். அப்பாவைத் தனியாக விடாதே.

விடிந்தால் வண்டி பேட்டரி செத்துக் கிடக்கிறதே, உன் போன் சார்ஜரால்தான் என்று திட்டினேன் இல்லையா? நேற்று புது பேட்டரி மாட்டிய மெக்கானிக் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "வண்டியில ஒரு குறையும் இல்லம்மா. ராத்திரி யாரோ சாவியத் திருப்பி வைக்கிறாங்க" என்றார்.

ராத்திரி தூங்குவதுபோலப் படுத்திருந்தேன். அப்பா எழுந்து போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். சாவியைப் பாதி திருப்பி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"கண்டக்டர் இன்னும் விசில் குடுக்கலையே."

பஸ் ஓட்டுவதை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. வண்டிக்கு முன்னால் பத்தடியில் ஏரி. சாவியை உருவி என் பையில் போட்டுக்கொண்டேன்.

"அப்பா முன்ன மாதிரி இல்லம்மா" என்று நீ சொன்னபோது எரிந்து விழுந்தேன். மனதில் வைத்துக்கொள்ளாதே.

அம்மா

பத்து மணிக்கு மெக்கானிக் வருவார். பேட்டரி ஒயரைக் கழற்றச் சொல்.

இன்னொன்று. மாற்றுச் சாவியை எல்லா இடத்திலும் தேடிவிட்டேன், கிடைக்கவில்லை. அதனால், பள்ளி மைதானத்தில் பிள்ளைகளை ஓட வைக்க நீ ஊதும் விசிலையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.